வெட்டிய தேசப்படமும் வளரும் பிள்ளையும்



கடைகளில் ஜிக்சா என்று ஒரு விளையாட்டுப் பெட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வண்ணப்படத்தைப் பல துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை அவற்றைப் பொருத்தி மறுபடியும் முழுப் படமாக்க வேண்டும். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? காசுக்குத்தான் கேடு" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. ஆனால், இந்த விளையாட்டு தோன்றியதே பாடம் கற்பிப்பதற்காகத்தான். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1760-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற இளைஞர் வாழ்ந்தார். தேசப்படங்களைச் செதுக்கி அச்சிடுவது அவருடைய தொழில். அச்சிட்ட படத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் மீதே சிறு இரம்பத்தை ஓட்டி அறுத்தார். உலகம், நான்கு கண்டங்கள், இங்கிலாந்தும் வேல்சும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என எட்டு வகைப் படங்கள் அவரிடம் கிடைத்தன. பூகோளம் கற்பிப்பதை எளிதாக்குவதே இதன் நோக்கம் என்று அவரே விளம்பரமும் செய்தார். 1769-இல், ஏறத்தாழ முப்பது வயதில், அவர் காலமானார். ஆயினும் அவர் காட்டிய வழியில் வேறு பலர் தொழிலைத் தொடர்ந்தனர்.

அக்காலத்துத் துண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றுள்ளது போன்ற கொக்கியும் குழியும் கிடையாது. எந்த நாட்டுக்குப் பக்கத்தில் எந்த நாடு, எங்கே கடல், எங்கே நிலம் என்று தெரிந்தால்தான் சரியாக அடுக்க முடியும். பிள்ளை விளையாடிக் கொண்டே பூகோளத்தை மனத்தில் பதித்துக் கொண்டது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு 1762-இல் சார்லட் பிஞ்ச் சீமாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் இத்தகைய படங்களைக் கொண்டே பாடம் நடத்தினார். அவற்றை வைத்திருந்த பெட்டி இன்றும் காக்கப்பட்டு வருகிறது. பின்னாளில் அரியணை ஏறிய இளவரசர்களும் துண்டுப் பலகைகளை வைத்துத்தான் நாடுகளைக் கற்றார்கள்!

கையால் அறுத்த பலகை விலை கூடியது. ஆகவே, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே அது கிட்டியது. இதன் விளைவை ஜேன் ஆஸ்டின் என்ற எழுத்தாளர் 1814-இல் வெளிவந்த 'மேன்ஸ்பீல்ட் பார்க்' என்ற நாவலில் காட்டுகிறார். ஏழைக் குடும்பத்துச் சிறுமியொருத்தி, பத்து வயதில், செல்வந்தரான பெரியம்மா வீட்டுக்கு வளர வருகிறாள். ஐரோப்பாப் படத்தை அவளுக்கு அடுக்கத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அவளை மக்கு என்று எண்ணி ஏளனம் செய்கிறார்கள். அவளுக்கு அறிவா குறைவு? இல்லை. அந்தப் பலகையைத் தொட்டுப் பழகும் வாய்ப்புத்தான் இல்லை. நம் தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துப் பிள்ளைக்கு முன் தயங்கி நிற்கும்போதும் இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாததை அறிவின்மை என்று எவரும் பட்டம் கட்ட விடக்கூடாது.

காலப்போக்கில் பலகையின் இடத்தை அட்டை பிடித்தது, விலையும் இறங்கியது. 1929-க்குப் பின் உலகெங்கும் பெரும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. மலாயாவில் இரப்பர் விலை சரிந்து, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட துயரமான காலம் அது. அதே மந்த காலத்தில் அமெரிக்காவில் வேலையற்ற குடும்பங்கள் மலிவான அட்டை ஜிக்சாவைச் சுற்றி உட்கார்ந்து பொழுதைப் போக்கின. 1933-இன் தொடக்கத்தில் அங்கே வாரத்துக்குச் சுமார் ஒரு கோடிப் பெட்டிகள் விற்றதாகக் கூறுவர்.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 குழந்தைகளை இரண்டு வயது முதல் நான்கு வயது வரை வீட்டிலேயே கவனித்து, 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துண்டுப்படம் அடுக்கிப் பழகிய குழந்தைகள், நாலரை வயதில், உருவங்களை மனத்திலேயே திருப்பியும் சேர்த்தும் பார்ப்பதில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தனர். அந்தத் திறன் கணக்குக்கும் அறிவியலுக்கும் துணை செய்வது. விளையாட்டு ஒன்றே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் பெற்றோர் ஊக்கம் கொள்ள இது போதும்.

தாய்மார்களே, இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய மலேசியத் தேசப்படம் ஒன்றைக் கஞ்சிப் பசையால் தடித்த அட்டையில் ஒட்டிக் காயவையுங்கள். மாநில எல்லையை ஒட்டி வெட்டுங்கள். பகாங்கைக் கையில் எடுக்கும் பிள்ளை அதைச் சுற்றிக் கிளந்தான், திரெங்கானு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் என ஆறு மாநிலங்களைத் தேடி வைக்கும். சின்னஞ்சிறு பெர்லிசை வடமூலையில் வைக்கும். வயது குறைந்த பிள்ளைக்கு நான்கைந்து துண்டு போதும். வளர வளரக் கூட்டலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிள்ளை திணறினால் உடனே நீங்கள் எடுத்து வைத்துவிடாதீர்கள். "இந்த ஓரம் வளைவா, நேரா?" என்று கேளுங்கள். தவறாக வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடியும் வைக்கும் பொறுமைதான் பிள்ளை இதில் கற்கும் பெரிய பாடம்.

அன்று அரண்மனைக்குரியதாக இருந்த பாடம் இன்று ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் உள்ள எந்த வீட்டிலும் நடக்கலாம்.