எட்டு, ஆறு, நாலு: ஒரு சொகுசு காரின் சிக்கனக் கணக்கு



பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் பாதி இன்ஜின், பாதி கணக்கு :)

1970-ல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் தன் எல்டோராடோ காரில் 8.2 லிட்டர் வி8 இன்ஜினைப் பொருத்தியது. மாருதி 800-ன் இன்ஜினைப் போல பத்து மடங்கு! பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. பங்குகளில் நீண்ட வரிசை. 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு நிறுவனம் அந்த ஆண்டு விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978-ல் கேலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல் இருக்க வேண்டும். குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற காருக்கு 5 டாலர் வீதம் அபராதம்.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. இது கூட்டுச் சராசரி இல்லை, இசைச் சராசரி. 10 மைல் கொடுக்கும் கார் ஒன்று, 30 மைல் கொடுக்கும் கார் ஒன்று என்றால் சராசரி 20 இல்லை, 15 தான். அதாவது பெட்ரோலைக் குடிக்கும் பெரிய கார், மொத்தக் கணக்கையே கீழே இழுத்துவிடும். காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தலைவலி எவ்வளவு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

முதலில் இன்ஜினைச் சிறிதாக்கினார்கள். 1977-ல் 7 லிட்டர், 1980-ல் 6 லிட்டர். ஆனால் சொகுசு கார் வாங்குகிறவருக்கு அந்த எட்டு சிலிண்டரின் இழுவை வேண்டுமே? அதற்கு 1981-ல் வந்த பதில்தான் 'வி8-6-4'. ஈட்டன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது.

யோசனை எளிது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது பெரிய இன்ஜினின் சக்தியில் சிறு பங்குதான் தேவை. காற்று நுழையும் த்ராட்டில் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். எட்டு சிலிண்டரும் அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே எரிபொருள் வீணாகும். நாலு சிலிண்டரின் வால்வுகளைத் திறக்காமல் விட்டால், மீதி நாலும் கதவை அகலமாகத் திறந்துகொண்டு சிக்கனமாக வேலை செய்யும். எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று டாஷ்போர்டிலேயே காட்டியது!

பிரச்சினை, எப்போது மாற்றுவது என்று முடிவு செய்த கணினிதான். அந்தக் கால சிப்புக்கு வேகம் போதவில்லை. கார் தயங்கியது, குலுங்கியது. சிப்பில் பலமுறை திருத்தம் செய்தும் பலனில்லை. கடைசியில் பல கார்களில் மெக்கானிக்குகள் அந்த வயரையே கழற்றிவிட்டார்கள். எப்போதும் எட்டு! 1982-ல் பெரும்பாலான மாடல்களில் இதைக் கைவிட்டு 4.1 லிட்டர் இன்ஜினுக்கு மாறினார்கள். லிமோசினில் மட்டும் 1984 வரை இருந்தது.

யோசனை தவறா? இல்லை. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் தன் பெரிய வி8, வி12 இன்ஜின்களில் இதையே செய்தது. 2012-ல் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி வி8-ம் நாலு சிலிண்டரை நிறுத்தி ஓடியது. ஓட்டுகிறவருக்கு மாற்றம் தெரிவதே அரிது. அடிப்படை யோசனை அதேதான், கணினிதான் வளர்ந்துவிட்டது.

சட்டம் நெருக்கியிருக்காவிட்டால் இப்படி ஒரு முயற்சியே வந்திருக்காது என்பது என் எண்ணம். அதனால் பொறியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோதனை நிலையில் இருந்த ஒன்றை ஒரு மாடலில் மட்டும் பார்க்காமல், ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட எல்லா கார்களுக்கும் அடிப்படை இன்ஜினாக்கியது வியாபாரத் தவறு. காசு கொடுத்து வாங்கியவர்தான் அந்தச் சோதனையின் செலவைச் சுமந்தார்.

நம்ம புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வருமே, அதற்குத் தேய்மானம் போட விகிதம் எதுவும் இல்லை. ஒரே ஆண்டில் கரையலாம். அபராதத்தை எழுத பேரேட்டில் இடம் உண்டு, அதை எங்கே எழுதுவது?