விருப்பாச்சி பாளையம்

விருப்பாச்சி பாளையம் என்பது திண்டுக்கல் சீமையில் இருந்த பாளையங்களுள் ஒன்றாகும். விருப்பாட்சி என்றும் எழுதுவர். இதன் தலைமையிடமான விருப்பாச்சி, இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்து, பழனி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூராகும். வேலு நாச்சியாருக்குப் புகலிடம் அளித்ததாலும், ஆங்கிலேயரை எதிர்த்த கோபால நாயக்கரின் ஊர் என்பதாலும் இது அறியப்படுகிறது.

பாளைய ஆட்சி

மதுரை நாயக்கர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் பாளையப்பட்டு முறை நிலைபெற்றது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. பாளையக்காரர் வரி வசூலித்தார், படை வைத்திருந்தார், ஊர்க்காவலையும் வழக்குத் தீர்ப்பதையும் கவனித்தார். பட்டம் குடும்பத்தில் வழிவழியாக வந்ததால், ஊரின் வரலாறும் ஒரு குடும்பத்தின் வரலாறும் பிரிக்க இயலாதவாறு கலந்தன.

1755ல் ஐதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்த பின் இப்பகுதிப் பாளையங்கள் மைசூரின் பிடிக்குள் வந்தன. 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும், வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கினார். ஐதர் அலியின் உதவியுடன் 1780ல் சிவகங்கையை மீட்டார்.

கிளர்ச்சியும் வீழ்ச்சியும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினியிடம் சென்றது. கும்பினி கப்பத்தைக் கறாராக வசூலித்தது. பாளையக்காரர்களின் படையையும் காவல் உரிமையையும் பறிக்க முற்பட்டது. கோபால நாயக்கர் அண்டைப் பாளையக்காரர்களைத் திரட்டி, சிவகங்கை மருது சகோதரர்களுடனும் பிற பகுதித் தலைவர்களுடனும் கூட்டணி அமைத்தார். 1800 சூன் மாதத்தில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோல்வியுற்றது. 1801ல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல்லில் உள்ள கோபாலசமுத்திரம் குளம் அவர் நினைவாகப் பெயர் பெற்றது என மக்கள் கூறுவர்.

கும்பினிக்கு அடங்கிய கன்னிவாடி, இடையகோட்டை போன்ற பாளையங்கள் சமீன்களாகத் தொடர்ந்தன. அவை 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தன.

வரலாற்றுச் சான்றுகள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் 1538 முதல் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில் பங்குகள் பதிவேட்டில் எழுதி வந்தன. அதனால் அங்கு ஓர் உழவர் குடும்பத்தின் தலைமுறைகளைக்கூடத் தேடிக் கண்டறிய இயலும். திண்டுக்கல் சீமையின் ஊர்களில் அத்தகைய தொடர்ச்சியான பொதுப்பதிவேடு இருந்ததில்லை. கும்பினியின் கடிதங்கள், கல்வெட்டுகள், செப்பேடுகள், வாய்மொழிக் கதைகள் ஆகியவற்றுடன் பாளையக்காரர்களின் வம்சாவளிகளே முதன்மைச் சான்றுகள் ஆகும்.

காலின் மெக்கன்சி (1754–1821) தம் உதவியாளர்கள் வழியாகத் தென்னிந்தியாவெங்கும் இத்தகைய வம்சாவளிகளைத் திரட்டினார். அவற்றுள் பல சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. முன்னோர் ஒருவர் அரசனுக்கு வீரச்செயல் புரிந்து நிலமும் பட்டமும் பெற்றார் என்றே இவை பெரும்பாலும் தொடங்குகின்றன. உரிமை கேட்கும் நோக்கமும் இவற்றில் கலந்திருப்பதால், பிற ஆவணங்களுடன் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். மேலும், இவை பாளையக்காரர் குடும்பத்தையே பேசுகின்றன. உழவர், கைவினைஞர், மலைவாழ் மக்கள் ஆகியோரின் பெயர்களை இவற்றில் காண்பது அரிது.

இன்று

கோபால நாயக்கருக்குத் தமிழ்நாடு அரசு விருப்பாச்சியில் மணிமண்டபம் அமைத்துள்ளது. புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலை வாழைப்பழமும் இவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.