உருக்காமல் உருவாகும் உலோகம்



உலோகத் தொழில் என்றதும் உலைக்களமும் துருத்தியும் சம்மட்டியும் நம் மனக்கண்முன் தோன்றும். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தல் வேண்டும். அன்றேல் பழுக்கக் காய்ச்சி அடித்தல் வேண்டும். உருக்கு என்னும் நம் சொல்லே உருக்குதல் என்னும் தொழிலோடு பிணைந்து நிற்கின்றது. ஆயின், தூளாக உள்ள உலோகத்தை உருக்காமலே ஒன்றாக்கித் திண்ணிய பொருளாக்கும் மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

நம் வீட்டுக் குழற்பிட்டை நோக்குங்கள். மா கூழாகக் கரைவதில்லை. ஆவியின் வெப்பத்தால் மணியோடு மணி ஒட்டிக்கொள்கின்றது. விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடுகின்றது. மணிகளுக்கிடையே வெற்றிடம் இருப்பதே அதற்குக் காரணம். உலோகத் தூளின் கதையும் ஏறக்குறைய இதுவே. உருகுநிலைக்குக் கீழான வெப்பத்தில் தூளை நெடுநேரம் வைத்தால், மணிகள் தொடும் இடங்களில் அணுக்கள் இடம்பெயர்ந்து மணிகளைப் பிணைக்கும். எனினும் இடையிடையே சிறு துளைகள் எஞ்சும். அத்துளைகளிலிருந்தே பின்னர் வெடிப்பு ஆரம்பிக்கும். அவற்றை ஒழிப்பதற்கு மனிதர் செய்த முயற்சியே இத்துறையின் வரலாறு எனலாம்.

தென்னமெரிக்காவில், இன்றைய எக்குவதோர் நாட்டின் கரையோரத்தில், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பொற்கொல்லர் பிளாற்றின மணிகளைக் கொண்டு அணிகலன்கள் செய்தனர். பிளாற்றினம் 1768 பாகை செல்சியஸில் உருகுவது. அத்துணை வெப்பம் அவர்தம் உலைகளில் எழுவதற்கில்லை. ஆதலின் அவர்கள் மணிகளோடு பொன்னைச் சேர்த்து, பொன்னை மட்டும் உருகவிட்டு, அது மணிகளைப் பற்றிக்கொள்ளச் செய்தனர்; பின்னர் மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தனர்.

ஐரோப்பாவில் இதே உலோகத்தோடு போராடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹைட் வொலஸ்ரன் என்பவர். 1800 ஆம் ஆண்டளவில் அவர் இம்முயற்சியைத் தொடங்கினார். பிளாற்றினத் தாதைக் கடும் அமிலக் கலவையிற் கரைத்து, நவச்சாரம் இட்டு வீழ்படிவாக்கி, அதனை மெல்லச் சூடாக்கிச் சாம்பல் நிறத் தூளைப் பெற்றார். அத்தூளை மர உரலில் மர உலக்கையால் மட்டுமே அரைக்க வேண்டும் என்றார். கடினமான உலக்கை மணிகளின் மேற்பரப்பைத் தேய்த்து மினுக்கிவிடும். மினுங்கிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டா என்பதை அவர் கண்டிருந்தார். பன்முறை நீரிற் கழுவிய ஈரத்தூளைப் பித்தளைக் குழாயில் நிரப்பி, நெம்புகோற் பொறியால் அழுத்தி, உலர்த்தி, வெண்சூடாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தார். இவ்வாறு கிடைத்த பிளாற்றினம் கந்தகவமிலத்தைச் செறிவாக்கும் கொப்பரைகளாகவும் துப்பாக்கி உறுப்புகளாகவும் பயன்பட்டுப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. தம் முறையை அவர் நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தார். நோயுற்றிருந்த நிலையில், 1828 நவம்பரில் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் அதனை வெளியிடச் செய்தார், டிசெம்பரில் மறைந்தார். இதனிடையே இரசியாவில் சொபொலெவ்ஸ்கி என்பவரும் தூளை அழுத்தும் முறையொன்றைக் கண்டிருந்தார். இரசிய அரசு 1828 முதல் 1845 வரை பிளாற்றின நாணயங்களை வெளியிட்டது.

அடுத்த பெரும் தேவை மின்விளக்கினால் எழுந்தது. விளக்கின் இழைக்கு ஏற்ற தங்குதன் என்னும் உலோகம் 3400 பாகைக்கும் மேலேயே உருகும். அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் ஆய்வுகூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910 ஆம் ஆண்டளவில் தங்குதன் தூளை அழுத்தி, காய்ச்சி, சூட்டோடு அடித்து, மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டார்.

இம்முறைகளிலெல்லாம் ஒரு குறை இருந்தது. அழுத்தம் ஒரு திசையிலிருந்தே வருவதால், பொருளின் ஒரு பகுதி இறுகி மறு பகுதி தளர்ந்து நின்றது. பாயியின் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பஸ்காலின் விதியை நாம் பள்ளியிற் படித்திருக்கின்றோம். அவ்விதியைப் பழுக்கக் காய்ந்த உலோகத்தின்மீது செயற்படுத்தியது 1955 ஆம் ஆண்டில். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் உள்ள பற்றெல் நிறுவனத்து ஆய்வாளர்கள் அணு உலைக்கான எரிபொருட் கோல்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். எரிபொருளின்மீது சேர்க்கோனியக் கலப்புலோக உறை இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். அளவோ சிறிதும் பிசகக் கூடாது. அடித்தால் உருக்குலையும். எனவே அதனை மூடிய கலத்தினுள் வைத்து, வெப்பமான வாயுவினால் எப்பக்கமும் அமுக்கினர். உறை ஒட்டியது. அவ்வழியே தூளையும் திண்மமாக்கலாம் என்பது விரைவிற் புலனாயிற்று. இதனை வெப்பச் சமவமுக்க முறை என்று நாம் அழைக்கலாம்.

முறை இதுதான். உருகிய உலோகத்தை வாயுத் தாரையாற் சிதறடித்துத் தூளாக்குவர். தூளை மெல்லிய உருக்குப் பேணியில் நிரப்பி, குலுக்கி அடக்கி, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி மூடுவர். பேணியைக் கலத்தினுள் வைத்து, எதனோடும் எளிதிற் சேராத ஆகன் வாயுவை நிரப்பி, உருக்காயின் 1150 பாகையளவில், 1000 வளிமண்டல அமுக்கத்தில் சில மணிநேரம் வைப்பர். கடலில் 10 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ள அமுக்கம் ஏறக்குறைய இத்துணையே. பேணி ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்களவு சுருங்கும். உள்ளே துளையற்ற உலோகம் உருவாகும்.

இவ்வமுக்கத்தைத் தாங்கும் கலத்தை அமைப்பதும் பெருஞ் சாதனையே. முதலிற் கலத்தையே வெளியிலிருந்து சூடேற்றினர். சூட்டினால் அதன் சுவர் வலுவிழந்தது. பின்னர் உலையைக் கலத்தினுள் அமைத்துச் சுவரைக் குளிர்ச்சியாக வைத்தனர். சுவீடனின் அசேயா நிறுவனம், வண்டிற் சில்லை இரும்பு வளையம் இறுக்குவதுபோல, கலத்தின்மீது உருக்குக் கம்பியை இழுத்துச் சுற்றி வலுவூட்டியது. 1970 ஆம் ஆண்டளவில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் வெட்டுக்கருவிகளுக்கான உருக்கு இவ்வாறு செய்யப்படலாயிற்று. பெரிய வார்ப்பு மெல்லக் குளிர்கையில் கடினப் பொருள்கள் திரளாகக் கூடி உருக்கை உடையச் செய்யும். தூளின் சிறுதுளியோ கணத்தில் உறைவதால் அவை எங்கும் சீராகப் பரந்து நிற்கும்.

இத்துணை வல்லமை வாய்ந்த முறைக்கும் எல்லை உண்டு. 1980 செப்ரெம்பரில் இங்கிலாந்திற் பறந்த அமெரிக்க எஃப்-18 போர்விமானத்தின் இயந்திரத்தில் சுழல் தட்டு ஒன்று உடைந்தது. அது நிக்கற் கலப்புலோகத் தூளை இம்முறையால் இறுக்கிச் செய்யப்பட்டது. விமானம் வீழ்ந்தது, அதிலிருந்த இருவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினர். இதன் பின்னர் அத்தகைய தட்டுகளுக்கு, அமுக்கிய உலோகத்தை மீண்டும் பிதுக்கி அடித்து உருவாக்கும் வழியை இயந்திரம் செய்தோர் கைக்கொண்டனர். அமுக்கம் வெற்றிடத்தை மூடுமேயன்றி, தூளிற் கலந்த அழுக்கை நீக்காது. நுண்ணிய மாசு ஒன்று எஞ்சினும், சுழலும் தட்டில் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கக்கூடும். ஆகவே தூளைச் சல்லடையிட்டுத் தெரிந்தெடுப்பதும், காற்றுப் படாது காப்பதும் இன்று அமுக்குதலுக்கு நிகரான பணிகளாக எண்ணப்படுகின்றன.

இன்று விமான உறுப்புகள் மட்டுமன்றி, மனிதரின் இடுப்பெலும்பு மூட்டுக்குப் பதிலாக வைக்கும் வார்ப்புகளும் இக்கலத்தினுட் சென்று உட்டுளைகள் நீங்கி வருகின்றன. மேற்பரப்பில் வாய் திறந்த துளைகள் மட்டும் மூடுவதில்லை. வாயு அவற்றினுள்ளும் புகுந்து அமுக்கத்தைச் சமப்படுத்திவிடும்.

பொறிகள் பெருகிய காலத்தும் மனிதர் கைக்குரிய கடமை குறையவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. தூளைப் பன்முறை கழுவி மர உலக்கையால் அரைத்த வொலஸ்ரனிடம் நெம்புகோல் ஒன்றே இருந்தது. ஆயினும், தூள் தூயதாயிருந்தாலன்றி அழுத்தத்தாற் பயனில்லை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். ஆயிரம் வளிமண்டல அமுக்கத்தை ஆளும் இக்காலத்தவரும் அப்பாடத்தை மறத்தற்கில்லை.