எத்தனை ஜிபி வேண்டும்?

நம்மூரில் பழைய மாணவர் சங்கமோ கோயில் கமிட்டியோ இணையதளம் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: வெப் ஹோஸ்டிங்கில் எவ்வளவு இடம் வாங்குவது? விற்பவர் 50 ஜிபி என்பார், 100 ஜிபி என்பார், ‘அளவே கிடையாது’ என்றும் சொல்வார். காய் எத்தனை மூட்டை என்று பார்க்காமல் எலுமிச்சைக்கு லாரி பிடிப்பவர் புளியங்குடியில் உண்டா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1990-களில் ஜியோசிட்டீஸ் என்ற தளம் இலவசமாக இடம் கொடுத்தது. 1999-ல் யாஹூ அதை வாங்கியது. இலவசமாகக் கிடைத்தது 15 எம்பி. இன்றைய செல்போன் போட்டோ நாலைந்து வைத்தால் தீர்ந்துபோகும்.

அதே காலத்தில், 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக இருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். அந்த வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு.

தட்டச்சு செய்ததில்தான் சூட்சுமம். அன்றைய டிஸ்கி முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 4 பைட் போதும். இன்றைய யூனிகோடில் அதே சொல்லுக்கு 15 பைட். அப்படிப் பெருத்த பிறகும் 1330 குறளும் சேர்ந்து சுமார் 200 கேபிதான். செல்போன் போட்டோ ஒன்று 3 எம்பி என்றால், அதற்குள் பதினைந்து திருக்குறள் அடங்கும்! தமிழ் இலக்கியத்துக்கு இடப் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை என்பேன்.

ஸ்கேன் என்றால் கதை வேறு. 200 பக்கப் புத்தகம் தட்டச்சில் ஒரு எம்பி சொச்சம். அதையே படமாக எடுத்தால் 20 எம்பியும் ஆகலாம், மேலும் போகலாம். இலங்கைத் தமிழர்கள் 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் புத்தகமும் பத்திரிகையும் ஸ்கேனாகவே இருக்கின்றன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்ததைப் பார்த்தவர்களுக்குப் பக்கத்தை அப்படியே காப்பாற்றுவது பெரிதாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அங்கே இடத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

நமக்கு என்ன தேவை? ஐந்நூறு போட்டோ, ஒவ்வொன்றையும் 300 கேபிக்குச் சுருக்கினால் 150 எம்பி. ஊர் வரலாறு, மலர்க் கட்டுரைகள் எல்லாம் தட்டச்சில் சில எம்பி. திருவிழா வீடியோவை யூடியூபில் போட்டுவிட்டு இங்கே சுட்டி கொடுத்தால் போதும். பெரும்பாலும் ஈமெயிலும் பேக்கப்பும் அதே இடத்தில்தான் உட்காரும், அதற்கும் கொஞ்சம் விட வேண்டும். ஆக, 2 ஜிபியில் தொடங்கலாம். நிறையும்போது கூட்டிக்கொள்வது சுலபம். ‘அளவே கிடையாது’ என்ற திட்டத்திலும் இத்தனை கோப்புக்கு மேல் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் ஊரிலேயே வையுங்கள். 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. சில பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவர்கள் அள்ளி வைத்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாதவற்றில், வீட்டில் நகல் வைத்திருந்தவர்களுடையது மட்டும் தப்பியது.