இடது காலுக்கு ஓய்வு கொடுத்த கதை

ஊரிலிருந்து யார் ஹைதராபாத் வந்தாலும் சௌமஹல்லா அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே ஒரு மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. 1912-ம் வருஷத்து சில்வர் கோஸ்ட். ஆர்டர் கொடுத்த ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் 1911-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். வந்தவர்கள் சிம்மாசன சீட்டைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எனக்கு அதை ஓட்டின டிரைவரை நினைத்துத்தான் பரிதாபம். அந்தக் காலத்து வண்டியில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு தரம் மிதிக்கணும், என்ஜின் வேகத்தைக் காதாலேயே கணக்குப் போடணும். கொஞ்சம் பிசகினால் 'கர்ர்ர்'!

அந்த 'கர்ர்ர்'ஐ ஒழித்தவர் ஏர்ல் தாம்ப்சன் என்ற அமெரிக்கர். 1928-ல் காடிலாக்கில் வந்த சின்க்ரோமெஷ் அவருடையது. மனுஷன் அதோடு விடவில்லை. கிளட்ச் பெடலே வேண்டாம் என்று இறங்கி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தார். கூடுதல் விலை 57 டாலர். இரண்டாம் உலகப்போரில் டாங்கிகளில்கூட அது ஓடியது.

கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய். அவ்வளவுதான் சூட்சுமம். எதிரெதிராக இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் சுற்றும் இல்லையா, அதே மாதிரி. நடுவில் காற்றுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மானியர் ஃபாட்டிங்கர் 1905-லேயே கப்பலுக்காக இந்த வழியில் டார்க் கன்வெர்ட்டரைக் கண்டுபிடித்திருந்தார். கார் நின்றாலும் என்ஜின் அணையாது, ஓட்டம் வழவழ. ஆனால் எண்ணெய் வழுக்கும் இடத்தில் பெட்ரோலும் வழுக்கிக்கொண்டு போகும். நம்ம ஊரில் 1990களில் மாருதி ஜென் ஆட்டோமேட்டிக் வந்தும் பெரிதாக எடுபடாமல் போனதற்கு, விலையோடு சேர்த்து இந்த மைலேஜ் பயமும்தான் காரணம் என்பேன். 'எவ்வளவு கொடுக்கும்?' என்று கேட்காமல் வண்டி வாங்குகிற சாதியா நாம்?

அடுத்தது சிவிடி. 1958-ல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி காட்டிய குட்டிக் காரில் பல்சக்கரக் கியர்களே இல்லை. விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகள், நடுவில் ரப்பர் பெல்ட். (முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும் என்பதால், டச்சுக்காரர்கள் இதை வைத்து ரிவர்ஸ் ரேஸே நடத்தியிருக்கிறார்கள்!) 'இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்' என்று நினைக்காதீர்கள். 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவில் இருந்ததும், அப்புறம் ஸ்கூட்டி, ஆக்டிவாவில் இருப்பதும் இதே தத்துவம்தான். அதாவது ஆட்டோமேட்டிக் கியர் நம் வீட்டுக்குள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஓட்டியது பெரும்பாலும் அம்மாவும் அக்காவும். கியர் இல்லாத வண்டி என்று கிண்டலடித்தது நாம்!

மூன்றாவது டபுள் கிளட்ச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டாம் கியரில் போகும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். 2003-ல் கோல்ஃப் ஆர்32-ல் வந்தது. ஹைவேயில் சுகமோ சுகம். ஆனால் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச் வகைக்கு, மாதாப்பூர் சாயங்கால டிராஃபிக் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடு ஏறும். இந்த கியர்பாக்ஸ் கோளாறுகளுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் ஃபோக்ஸ்வாகன் 3,84,000 கார்களுக்கு மேல் திரும்ப அழைத்தது.

கடைசியில் இந்தியாவின் நடுத்தர வர்க்கக் கதவைத் திறந்தது ஏஎம்டி. இதன் முன்னோர் பெரிய இடம். 1989-ல் பிரேசில் எஃப்1 பந்தயத்தில் மான்செல் ஜெயித்த ஃபெராரியில், கியர் மாற்ற ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு மட்டும்தான். கிளட்சை ஹைட்ராலிக்ஸ் பார்த்துக்கொண்டது. அதே வழியில் வந்த, மாக்னெட்டி மரெல்லி கொடுத்த கருவி பிப்ரவரி 2014-ல் மாருதி செலேரியோவில் ஏறியது. உள்ளே இருப்பது பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான், உங்கள் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு இயந்திரம். கூடுதலாக 40 ஆயிரம் ரூபாய் போல. மைலேஜ் கணக்கில் மேனுவலுக்கும் இதற்கும் ஒரே எண், லிட்டருக்கு 23.1. அப்புறம் என்ன, க்யூதான்!

குறை இல்லாமலா? கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் உண்டு. ஹைதராபாத் பாறை ஊர், ஜூபிலி ஹில்ஸில் மேடும் பள்ளமும்தான். ஹில் ஹோல்ட் இல்லாத ஏஎம்டி, மேட்டில் பிரேக்கை விட்டதும் லேசாகப் பின்னால் சரியும். பின்னாடி ஒரு ஷேர் ஆட்டோ ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த ஒரு விநாடி ரொம்ப நீளம். ஷோரூம்காரர் சமதளத்தில் ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுவார், ஒத்துக்கொள்ளாதீர்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தங்கமணி திருச்சியில் பத்து வருஷம் ஸ்கூட்டி ஓட்டியவர். இங்கே வந்ததும் லைசென்ஸ் பர்ஸிலேயே தூங்கியது. மேட்டில் கிளட்சும் பிரேக்கும் ஒத்துழைக்கவில்லை, என் கத்தல் வேறு. குழந்தைக்கு ராத்திரி ஜுரம் வந்தால்கூட நான் ஆபீஸில் பொட்டி தட்டி முடித்து வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை. செகண்ட் ஹேண்டில் ஹில் ஹோல்ட் உள்ள ஏஎம்டி ஒன்று வாங்கினோம். மூன்றாம் நாள் அவரே குழந்தையை டாக்டரிடம் காட்டி, மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். எனக்குத் தகவல் போனில்தான் வந்தது.