குழந்தையை யாரிடம் விடுவது? பொறியாளர் லலிதாவும் நம் ஆயாக் கொட்டகையும்

‘பெண்களும் தொழில்நுட்பமும்’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் கல்பனா சாவ்லாவோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அ. லலிதா.

இவரை நினைக்க வைத்தது கிள்ளானில் நடந்த ஒரு பெற்றோர் சந்திப்பு. கணினிப் பொறியாளரான ஒரு தாயார், பிள்ளைகளுக்காக ஆறு ஆண்டுகள் வீட்டில் இருந்தவர், “திரும்ப வேலைக்குப் போகலாம்னுதான் இருக்கு டீச்சர். சின்னதை யாருகிட்ட விடுறது?” என்றார்.

லலிதா 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில், மகளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து விதவைக்கு வீட்டு மூலைதான் மிச்சம். ஆனால் இவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்த மகளை, கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி, 1940-இல் அங்கேயே சேர்த்துவிட்டார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இடம் அது. 1943-இல் பட்டம் கொடுத்தபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த ‘அவன்’ என்பதை அடித்து ‘அவள்’ என்று எழுத வேண்டியிருந்ததாம்!

லலிதா விடுதியில் தங்கிப் படித்தபோது குழந்தை குடும்பத்தாரிடம் வளர்ந்தது. பிறகு சிம்லாவில் வேலை கிடைத்தது. அங்கே சகோதரர் வீடு இருந்தது. நடுவில் அந்த வேலையை விட்டுத் தந்தையின் ஆய்வுக்கு உதவினார். 1948-இல் கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் மின்நிறுவனத்தில் சேர்ந்து, மின்கடத்திப் பாதைகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. கல்கத்தாவிலும் உறவினர்கள் இருந்தார்கள். அவர் வேலை பார்த்த ஊர்களைக் கவனியுங்கள், புரியும். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் போய் வந்தார்.

சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கு நம்ம ஊர் வரலாறே இருக்கிறது. தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். துரைமார் இரக்கப்பட்டுக் கட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தாயின் கை வேண்டியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது கொட்டகை கூட வரவில்லை.

பின்னால் சட்டங்கள் வந்தன. வேலைக்குத் திரும்பும் பெண்களுக்காக டேலண்ட்கார்ப் 2015-இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2018 வரவுசெலவுத் திட்டம், குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண்களுக்கு 12 மாதச் சம்பளம் வரை வருமான வரிவிலக்கு அளித்தது. அது பிறகு நீட்டிக்கப்பட்டது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நெகிழ்வான வேலைநேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அந்தத் தாயாரிடம் வரிவிலக்கைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, குறித்துக்கொண்டார். பிறகு, “பிரிக்ஃபீல்ட்ஸ்ல மாமியார் இருக்காங்க டீச்சர். வாரத்துல மூணு நாள் பார்த்துக்கிறேன்னு சொல்றாங்க. மீதி ரெண்டு நாளைக்குத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார்.