தேர்வின் இருபொருள்: கல்முனைக் கரையோரத்தில் விருப்பக் கல்வி

தேர்வு என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. ஒன்றை ஒருவன் தானே ஆராய்ந்து தெரிந்துகொள்ளுதலும் தேர்வு. பிறர் அவனை வினாவி அளந்து தரம்பிரித்தலும் தேர்வு. முன்னதில் மாணாக்கன் எழுவாய். பின்னதில் அவன் செயப்படுபொருள். ஈழத்தின் கீழ்கரையிற் கல்முனையைச் சூழ்ந்த ஊர்களின் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு, இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மாறுபட்டு வந்தமை புலனாகும். விதித்த பாடத்துக்கு அப்பால், மாணாக்கர் தம் விருப்பாற் கற்கும் கல்வி அங்கு எவ்வெவற்றால் தழைத்தது, எதனால் வாடியது என்பது ஆராயத்தக்கது.

கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் எல்லையாக, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் வடக்குத் தெற்காகத் தொடர்ந்து கிடக்கின்றன. முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்றது, கரையெங்கும் மீன்பிடி, உள்ளே வேளாண்மை. தந்தையின் தொழிலே மைந்தனுக்கும் உரியதென்னும் நிலை நெடுங்காலம் நிலவிற்று. ஓதற்பள்ளியில் மார்க்கக் கல்வி பெற்ற முஸ்லிம் சிறுவர் பலர் ஆங்கிலப் பாடசாலையை நாடிற்றிலர். மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளிற் பிள்ளைகள் சமயம் மாறிவிடுவரோ என்ற அச்சம் பெற்றோரைத் தடுத்தது.

இச்சூழலிலே காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்தவர் மயில்வாகனன் என்னும் இளமைப்பெயர் பூண்ட விபுலாநந்த அடிகள். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்ற அவர், கொழும்பிலே விஞ்ஞானம் பயின்றார். விஞ்ஞானம் கற்பார்க்கு அக்காலத்தில் உத்தியோகம் எளிது. தமிழ்ப் புலமை எவரும் விதித்ததன்று. எனினும் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையில் அவர் தேறினார். அதுவும் ஒரு பரீட்சையே. ஆனால் அதனைத் தெரிந்துகொண்டவர் அவரே. பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். வேறுவேறு துறைகளென உலகம் கருதிய இவ்விரண்டும் ஈற்றில் ஒரு நூலிலே சந்தித்தன. பழந்தமிழரின் யாழையும் அதன் சுருதிகளையும் கணிதமுறையால் ஆராய்ந்த ‘யாழ் நூல்’ 1947 இல் வெளிவந்தது. விதித்த பாடத்தில் மட்டும் நின்றிருப்பின் அந்நூல் பிறந்திராது. இதனால், விருப்பக் கல்வி ஓய்வுநேர அலங்காரமன்று, புத்தறிவுக்கு வித்து என்பது துணியப்படும்.

ஆயினும் விருப்பம் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடைதந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்ற அவர், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாவார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல் விளைவிக்க வந்தவர் அங்கே கல்வி விளையாமையைக் கண்டார். அறிவிற் குறைவற்ற பிள்ளைகள், பொருளின்மையால் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு வயலுக்கும் தறிக்கும் திரும்பினர். எதனைக் கற்பது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, கற்கவே வழியில்லாதவனுக்கு வெறுஞ்சொல்லாகும் என்பதை உணர்ந்த அஸீஸ், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. 1948 இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி, 1961 வரை அப்பதவி வகித்தார். இந்துக் கல்லூரியொன்றிற் பயின்றவர் முஸ்லிம் கல்வியின் தூணாய் நின்றமை, நல்ல கல்விக்கு வேலியில்லை என்பதற்குச் சான்று.

மருதமுனையும் இக்காலத்திற் சும்மா இருக்கவில்லை. தறியொலி ஓயாத அவ்வூரே புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனைத் தந்தது. நெசவாளர் ஊரிற் பிறந்தோர்க்கு நூலென்பது இழையாக மட்டும் அமையவேண்டியதில்லை என்பதை அவர் புலமை காட்டிற்று.

விருப்பப் பாடங்களை அரசே பாடசாலைக்குட் புகுத்திய பெரும் பரிசோதனை 1972 இல் நிகழ்ந்தது. 1971 ஏப்பிரலில் எழுந்த இளைஞர் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றோரின் துயரை நாட்டுக்குக் காட்டியது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழுவும், இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையிலான இடைவெளியைச் சுட்டிற்று. கல்வியமைச்சர் பதியுத்தீன் மஹ்மூதின் காலத்துச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளுக்கு வகுத்தது. அந்தந்த ஊரின் தொழிலை ஆராய்ந்து பாடசாலை பாடத்தைத் தெரியலாம். நெசவூரில் நெசவும், கரையூரில் மீன்பிடியும், வயலூரில் வேளாண்மையும் கல்வியாகும் என்பது கொள்கை. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி இன்றும் அவ்வமைச்சரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கொள்கை நன்று, தொழிலை இழிவெனக் கருதும் மனப்பான்மையை அது மாற்ற முயன்றது. ஆனால் அது நாடெங்கும் வேர்கொள்ளவில்லை. இப்பாடங்களும் பொதுப் பரீட்சையிற் சேர்க்கப்பட்டமையால், கையாற் செய்து அறியவேண்டியவை ஏட்டில் எழுதி மனனஞ் செய்பவையாயின. போதிய கருவிகளும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் இலர். இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பாடத்தைத் தெரிந்தவன் மாணாக்கனல்லன். அவனுக்காகப் பாடசாலையும், அதற்காக ஊரின் தொழிலும் தெரிந்தன. நெசவாளனின் மகனுக்கு நெசவே பாடமாயின், அஃது அவனுக்குத் திறந்த கதவா, அன்றித் தந்தையின் தறியோடு பிணிக்கும் கயிறா? பாடசாலையையே விடுதலைக்கு வழியெனக் கருதிய பெற்றோர் இவ்வாறு ஐயுற்றதிற் குற்றமில்லை. மாவட்ட ஒதுக்கீட்டு முறையில் அம்பாறை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டு, பல்கலைக்கழகக் கதவு சற்றே திறந்தமையும் அவர் நாட்டத்தைப் பழைய பாடங்களின்பாலே செலுத்திற்று. 1977 இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சை முறை மீண்டது.

அதன்பின் இக்கரையிற் கல்வி வளரவில்லை எனல் பொருந்தாது. 1995 இல் ஒலுவிலிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபின் முயற்சி அதற்கு முதற்காரணம். ஆயின் கருத்தரங்கு என்னும் சொல்லின் பொருளோ சுருங்கிற்று. கருத்துக்கள் மோதி ஆராயப்படும் அரங்கு என்பது நீங்கி, வினாத்தாளுக்கு விடை வகுத்துக் கொடுக்கும் கூட்டம் என்பதே மாணாக்கர் வழக்கில் நிலைத்தது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களிற் கருத்தரங்குகளையும் தனியார் வகுப்புகளையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்யும் அளவுக்கு இவ்வழக்கம் பெருகிற்று. அரங்கு இருந்தது, கருத்துக்கு இடமில்லை.

இவ்வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. அடிகளாரின் வாழ்வு, விருப்பக் கல்வியாற் புத்தறிவு பிறக்கும் என்பதைக் காட்டிற்று. அஸீஸின் முயற்சி, பொருள்வசதியின்றி விருப்பம் பயன்படாது என்பதைக் காட்டிற்று. 1972 இன் பரிசோதனை, பிறர் தெரிந்து கொடுப்பதும் புள்ளியால் அளப்பதும் விருப்பமாகா என்பதைக் காட்டிற்று. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து மாணவர், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சையோ புள்ளியோ இல்லாத வகுப்புகளை 1950களின் பிற்பகுதியிலிருந்தே நடத்தி வந்துள்ளனர். கற்பிப்போனும் கற்போனும் பொருளைத் தாமே தெரிகின்றனர். ஒலுவிலிற் கற்கும் இளைஞருக்கு இஃது அரியதன்று. கல்முனைப் பிள்ளையொருத்தி கிழமையில் ஒரு மாலை வானியலையோ, நெசவின் கணிதத்தையோ, பழந்தமிழையோ தானே தெரிந்து கற்கலாம். நெசவு அப்பொழுது அவளுக்குக் கயிறாகாது; அவளே விரும்பி எடுத்த இழையாகும். தேர்வென்னும் சொல்லின் முதற்பொருளும் அன்று மீளும்.